முடிச்சுக்குள் வேலிப்பருத்தி

இலைக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே இலை யார் கையிலும் இலையாக வந்து சேராது. கொண்டுவந்தவர் சுவருக்குப் பின்னால் போய் அதை உள்ளங்கையில் கசக்கி, துண்டுத் துணியில் வைத்து முடிந்து, முடிச்சாகத்தான் சுற்றுக்கு விடுவார். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு தரம் மோந்து பார்த்துத் தங்களுக்குத் தோன்றிய பெயரைச் சொல்ல வேண்டும். கடைசி ஆளும் சொன்ன பிறகுதான் முடிச்சு அவிழும். கண்ணுக்குப் பாதிச் செடிகள் ஒன்றுபோலத்தான் தெரியும், மூக்கு அப்படி லேசில் ஏமாறாது என்பது கூட்டத்தின் நம்பிக்கை.

அந்தத் துண்டுத் துணிகளைக் கொண்டுவருபவள் பாண்டிசெல்வி. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகும் வழியில் இருக்கும் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தறியிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்தில் விரித்து, விரல்களை மேயவிட்டு, எங்கே பாவு நூல் அறுந்திருக்கிறது, எங்கே ஊடை நூல் விலகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பாள். ஓரத்தில் கழியும் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, துவைத்து, மடித்து, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருப்பாள்.

வட்டத்தில் எப்போதும் கடைசி இடத்தில்தான் உட்காருவாள். கூச்ச சுபாவம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாண்டிசெல்விக்கு வாசனையே தெரியாது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கொரோனா வந்த வருடம் போனது அந்த மூக்கு. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, நாக்குக்கு உப்பும் புளியும் திரும்பி வந்தன. மூக்கு மட்டும் வரவில்லை. முதலில் அவள் அதை ஒளிக்கவும் இல்லை. சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாள். சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அவர்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் மீன் குழம்புக்குப் பாண்டிசெல்விதான். விஷயம் தெரிந்த பிறகு நடந்த ஒரு காதுகுத்தில் அவள் அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும் நாத்தனார் எழுந்து வந்து, "நீங்க செத்த நேரம் உக்காருங்க மதினி, எதுக்குச் சிரமம்?" என்று கரண்டியை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோபமாகப் பிடுங்கியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்பாக வாங்கிக்கொண்டதற்கு என்ன சொல்வது? அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவளுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது, கரண்டி கிடைக்கவில்லை.

வீட்டில் புருஷன் முத்துப்பாண்டி மட்டும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நூல் மில்லில் ஃபிட்டர். காலையில் பால் பாத்திரத்தை மோந்து பார்த்து, "இன்னும் கெடல, காய்ச்சு" என்பான். பழைய குழம்பை மோந்து, "இது நாய்க்கு" என்பான். "வீட்டுக்கு ஒரு மூக்கு போதும்ட்டி, ரெண்டு மூக்கு இருந்தா சண்டைதான் வரும்" என்பது அவன் கட்சி.

பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். தினமும் நாலைந்து வாசனையை மோந்து பார்க்க வேண்டும். சும்மா மோந்தால் போதாது, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே மோக்க வேண்டும். "வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன். விடாம செய்யுங்க." பாண்டிசெல்வி கிராம்பையும் எலுமிச்சந்தோலையும் கொஞ்ச நாள் மோந்து பார்த்தாள். சுவரை மோப்பது போலிருந்தது. விட்டுவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இந்து, தைலம் வாங்க வந்த இன்னொரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. ஒரு வாரம் ராஜபாளையம், ஒரு வாரம் சீவில்லிபுத்தூர். வாத்தியார் யாரும் கிடையாது. ஆளுக்கொரு இலை கொண்டாந்து மோந்து மோந்து பழகுறோம், அம்புட்டுத்தான்."

மோந்து மோந்து என்ற வார்த்தை பாண்டிசெல்வியைப் பிடித்துக்கொண்டது. தனியாகச் செய்தால் அலுக்கிற வேலை கூட்டத்தோடு செய்தால் அலுக்காது. அடுத்த ஞாயிறே போய்விட்டாள். மூக்கைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. இங்கேயும் யாராவது அன்பாகக் கரண்டியை வாங்கிக்கொள்வார்கள் என்ற பயம்.

போன பிறகுதான் கூட்டம் அவளுக்குப் பிடித்துப்போனது. மாரிசாமி என்று ஒரு ஆட்டோக்காரர், எந்த முடிச்சு வந்தாலும் முதலில் "நொச்சி" என்பார். வருடத்தில் சில நாள் அது நொச்சியாகவும் இருக்கும், அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியாது. செல்லக்கனி என்று ஒரு தையல்காரம்மா, சீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் கடையும் வீடும் சேர்ந்தாற்போல. ஊரையே அளவெடுக்கிற வாய். இந்து இருக்கிறவர்களிலேயே சின்னவள், ஆனால் கூட்டத்துக்குக் கடிவாளம் அவள்தான். "சளிக்கு ஆவி பிடிக்கலாம், துவையல் அரைக்கலாம். சுகர் மாத்திரைய நிறுத்திட்டு இலையத் திங்கேன்னு யாராவது சொன்னீங்க, நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் ஏதாவது ஒரு இலையைச் சமைத்து எல்லோரும் சாப்பிட்டுப் போவார்கள்.

மூக்கில்லாமல் பாண்டிசெல்வி எப்படிச் சமாளித்தாள் என்றால், விரலால். முடிச்சை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். உண்மையாகவே டாக்டர் சொன்னபடி உள்ளே இழுத்தும் பார்ப்பாள். அந்த நேரத்தில் விரல்கள் துணிக்கு மேலேயே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீராகக் கசிந்து தடிப்பாக நசுங்கினால் கற்பூரவல்லி. துணியில் சுரசுரவென்று மாட்டி இழுத்தால் முசுமுசுக்கை. முள் தட்டினால் தூதுவளை, அதற்கு யோசிக்கவே வேண்டாம். மிச்சத்துக்கு, முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்ன பெயர்களில் நியாயமாகத் தோன்றுவதைச் சொல்லிவிடுவாள். மாரிசாமி சொன்னதை மட்டும் சொல்ல மாட்டாள்.

"இவளுக்கு நல்ல மூக்கு" என்று செல்லக்கனி ஒருமுறை எல்லோர் முன்னிலும் சொன்னபோது, பாண்டிசெல்விக்குச் சந்தோஷமும், என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் ஒன்றாக வந்தன.

ஆடி மாதம் அவள் முறை வந்தது. கூட்டம் செல்லக்கனி வீட்டில்.

எந்த இலையைக் கொண்டுபோவது என்று அவள் யோசிக்கவே இல்லை. கம்பெனிக்குப் பின்வேலியில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. இதயம் போன்ற இலை, தொட்டால் பூனைக்காது மாதிரி மெத்தென்றிருக்கும். கிள்ளினால் பால் வரும். காய் வெடித்தால் உள்ளே பட்டுப் பட்டாகப் பஞ்சு. வேலிப்பருத்தி என்று கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொன்னாள். பஞ்சிலும் துணியிலும் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது? பேரைக் கேட்டாள், காயைப் பார்த்தாள், இலையைத் தடவினாள். ஒரு செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னொரு விஷயமும் உண்டு என்பது அவளுக்கு அந்த நேரத்தில் மறந்தே போயிற்று. அந்தப் பெண்ணும், "கசக்காத, நாறும்" என்று சொல்லவில்லை. மூக்குள்ளவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்ன?

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூடை இலை பறித்து வந்தாள். கூட்டத்தில் போய்க் கசக்கினால் போதும். ஆனால் முதல் முறை, நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை. மருதாணியை அரைத்து ஊறவைத்தால் நன்றாகப் பிடிக்கிறதல்லவா, அதுபோல ராத்திரியே நசுக்கி வைத்தால் மணம் நன்றாக ஊறி நிற்கும் என்று கணக்குப் போட்டாள். கூடை இலையையும் அம்மியில் வைத்துத் தட்டி, தூக்குவாளியில் அமுக்கி, மூடி போட்டு, வெக்கையான சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்தாள். வீட்டின் ஒரே மூக்கு சேத்தூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தது.

காலையில் வாளியோடு டவுன் பஸ் ஏறினாள். ஞாயிறு என்பதால் நெரிசல். நின்றுகொண்டே போக வேண்டியதுதான் என்று நினைத்தவளுக்கு, ஏறிய கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். நல்ல பிள்ளை என்று நினைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணும் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். ஜன்னலோரம் கிடைத்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், பிறகு அவரும் எழுந்தார். ஊர் ஜனங்கள் இவ்வளவு மரியாதையாக எப்போது மாறினார்கள் என்று பாண்டிசெல்விக்கு ஆச்சரியம். வாளியைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு, காற்று வாங்கியபடி மலையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

கண்டக்டர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"யக்கா, வாளியில என்ன?"

"மூலிகைண்ணே."

"மூலிகையா? எதுக்கு, ஆள எழுப்பவா, ஆள அடக்கம் பண்ணவா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏதோ கேலி என்று பாண்டிசெல்வியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். "ஆடு செத்து எத்தன நாளாச்சுன்னு கேளுங்கய்யா" என்று யாரோ சொன்னதுதான் அவளுக்கு லேசாக உறைத்தது. வாளியின் மூடியைத் திறந்து, உள்ளே மூக்கை விட்டு, ஆழமாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் அப்படி இழுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏயப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மடவார்வளாகத்தில் இறங்கியதும் வாளி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். வாளியை எங்காவது கொட்டிவிட்டு, தெருவோரத்தில் ஒரு துளசியைப் பறித்துக்கொண்டு போகலாம். ஆனால் அதற்குள் செல்லக்கனி வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"வாட்டி, ஒனக்காகத்தான் காத்துக் கெடக்கு." இரண்டு எட்டு முன்னால் வந்தவள் அப்படியே நின்றாள். "என்னத்தட்டி கொண்டாந்த? சாக்கடை அள்ளுனவிய யாரும் பஸ்ஸுல ஒன்மேல ஒரசுனாங்களா?"

சுற்றுக்கு விட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பின்கட்டில் வட்டமாக இருந்தவர்கள் வாளி உள்ளே வந்ததும் வட்டத்தை உடைத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டார்கள். மாரிசாமி சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "நொச்சி இல்ல" என்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிச் சொன்னார்.

இந்து எட்டிப் பார்த்தாள். "வேலிப்பருத்திதானக்கா? இதக் கசக்குனாலே நாறுமே. நீங்க ராத்திரியே நசுக்கி மூடி வச்சிட்டீங்களா?"

"மணம் ஊறட்டும்னு..."

"ஊறியிருக்கு" என்றார் மாரிசாமி காலருக்குள்ளிருந்து.

செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி செல்வி, ஒரு ராத்திரி பூரா இது ஒன் வீட்டுக்குள்ள இருந்திருக்கு. பக்கத்துல வச்சு பஸ்ஸுல வந்திருக்க. ஒனக்குத் தெரியவே இல்லையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பாண்டிசெல்வி முடிச்சுத் துணிகளை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எனக்கு மூக்கு கெடையாதுக்கா" என்றாள். "கொரோனாவுல போச்சு. இம்புட்டு நாளும் கையால தடவிப் பாத்துத்தான் சொன்னேன். மோந்து மோந்து பாத்தா வரும்னு டாக்டர் சொன்னாரு. அதான் வந்தேன். தப்புத்தான்."

இந்து அவள் அருகில் வந்து உட்கார்ந்து தோளைத் தொட்டாள். "இதுல தப்பு என்னக்கா இருக்கு? இனிமே முடிச்சு சுத்துறப்ப நீங்க சும்மா எங்க கூட உக்காந்திருங்க. ஒங்களப் போட்டுக் கஷ்டப்படுத்த மாட்டோம்."

அவ்வளவு அன்பாகச் சொன்னாள். பாண்டிசெல்விக்கு அந்தக் காதுகுத்து வீட்டு அடுப்பங்கரை கண்முன் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

"எதுக்குச் சும்மா உக்காரணும்?" என்றாள் செல்லக்கனி. "சும்மா உக்கார இது என்ன பஸ் ஸ்டாப்பா? மூக்கு உள்ள பெரிய மனுசங்க நீங்க எல்லாரும் இருக்கீங்கள்ல? இது எப்பிடி நாறுதுன்னு அவளுக்குச் சொல்லுங்க பாப்போம்."

"நாறுது" என்றார் மாரிசாமி.

"அதான் எப்பிடின்னு கேக்கேன்."

"ரொம்ப நாறுது."

"நல்லாச் சொன்னீரு போங்க. ஒமக்கு மூக்கு இருந்து என்ன பிரயோசனம்?"

அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்று. ஒருவர் மழையில் நனைந்த எலி என்றார். எலி எந்த வீட்டு எலி, அரிசி தின்ற எலியா, சோப்புத் தின்ற எலியா என்று இன்னொருவர் கேட்டார். இந்து யோசித்து யோசித்து, "கிடா ஆடு பக்கத்துல வந்தா ஒரு கவிச்ச அடிக்குமே, அதுகூடப் பழைய கஞ்சித் தண்ணியக் கலந்தா..." என்றாள். மாரிசாமி காலரை இறக்கி, தைரியமாக ஒருமுறை இழுத்து, கண்ணில் தண்ணீர் வர, "அடியில எங்கயோ பச்ச வேர்க்கடல வாசம் இருக்குதய்யா" என்றார். இல்லை என்று நாலு பேர் சண்டைக்கு வந்து, நிரூபிக்க அவர்களும் மோந்து, ஆமாம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு இருமினார்கள். கொஞ்சம் முன்பு சுவரோரம் ஓடியவர்கள் அனைவரும் இப்போது வாளியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள்.

பாண்டிசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டாள். கிடா ஆடு அவளுக்குத் தெரியும். புளித்த கஞ்சி தெரியும். பச்சை வேர்க்கடலை நன்றாகவே தெரியும்.

அன்றைக்குத் தூதுவளை ரசம் வைப்பதாக இருந்தது. வாளியிலிருந்த இலையைக் கொண்டுபோய்த் தெருமுனைக் குழியில் புதைத்துவிட்டு வந்ததும், செல்லக்கனி அடுப்பைப் பற்றவைத்து, கரண்டியை அவள் பக்கம் நீட்டினாள்.

"நீ வையிட்டி."

"நானா? எனக்கு வாசம்..."

"இங்க எம்புட்டு மூக்கு நிக்கி பாரு. நாங்க சொல்றோம், நீ வை."

அப்படி ஒரு ரசம் அந்த வீட்டில் அதற்கு முன்பு கொதித்ததில்லை. பூண்டு வதங்கும்போது ஒருவர், "பச்ச வாசம் இன்னும் போகல" என்று கத்துவார். "இப்பப் போயிருச்சு, போயிருச்சு, இலையப் போடு!" என்று இன்னொருவர். பெருங்காயம் கூடிவிட்டதா இல்லையா என்பதில் இரண்டு கட்சியானது. நுரை கட்டி எழும்பும் நேரத்தைப் பாண்டிசெல்வியின் கண்ணும், உப்பை அவள் நாக்கும் பார்த்துக்கொண்டன. மாரிசாமி மூன்று தம்ளர் குடித்தார்.

அதற்குப் பிறகு கூட்டத்தின் வழக்கம் கொஞ்சம் மாறிப்போனது. முடிச்சு வந்தால் யாரும் பெயரைச் சொல்லக் கூடாது. வாசனை எப்படி இருக்கிறது என்று பாண்டிசெல்விக்கு விளக்க வேண்டும். அதைக் கேட்டு, துணியைத் தடவி, அவள் பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கியவர் ஜெயித்தார். "நல்லாருக்கு", "காரமா இருக்கு" என்பதெல்லாம் செல்லாது. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னைவிட மூக்கு கூர்மையானது, வாயும் நீளமானது. பாண்டிசெல்வி ஒவ்வொரு முடிச்சையும் மோந்து பார்ப்பதை விடவில்லை. இப்போது நினைத்துக்கொள்வதற்கு அவளுக்கு நிறைய இருந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. சீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் அவள் முறை. பையில் புதிதாகப் பறித்த ஆடாதொடை, கசக்காமல். பின் சீட்டில் ஓர் அம்மாள் பெரிய ஓலைக் கொட்டானோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சீட் காலி, ஆட்களெல்லாம் முன்னால் நெருக்கிக்கொண்டு முகத்தைச் சுளித்திருந்தார்கள். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் பாண்டிசெல்விக்கு ஆடி மாதம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது.

சிரித்து மூச்சை இழுத்தபோது ஏதோ ஒன்று தட்டியது.

சிரிப்பை நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். ஒன்றும் இல்லை. நினைப்புத்தான் என்று விட்டுவிடப் போனபோது பஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது, கொட்டான் குலுங்கியது, மறுபடி தட்டியது. மெல்லிசாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது மாதிரி. உப்பும் வெயிலும் கலந்த ஒரு கவிச்சி.

பாண்டிசெல்வி ஆட்களை விலக்கிக்கொண்டு பின்னால் போய், அந்த அம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"என்னம்மா கருவாடு?"

"நெத்திலி. கூடக் கொஞ்சம் சாளையும் கெடக்கு." அந்த அம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "எல்லாரும் எந்திரிச்சு ஓடுதாவ, நீ வந்து உக்காருத?"

"நீங்க கொட்டான இன்னும் செத்த இப்பிடித் தள்ளி வைங்க" என்றாள் பாண்டிசெல்வி.

மடவார்வளாகம் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பி நடந்து வந்து சேர்ந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. சுவருக்குப் பின்னால் போனாள். ஆடாதொடையைப் பையிலேயே விட்டாள். பஸ்ஸில் அந்த அம்மாளிடம் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி எடுத்து, பேண்டேஜ் துணியில் முடிந்து, நேராகச் செல்லக்கனியின் கையில் வைத்தாள்.

செல்லக்கனி மூக்கருகே கொண்டுபோனாள். "அடி பாதகத்தி, இலைக்கூட்டத்துக்குக் கருவா..." என்று ஆரம்பித்தவள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். முடிச்சை மெதுவாகத் திரும்ப அவள் கையிலேயே வைத்தாள்.

"எல்லாரும் சும்மா இருங்க" என்றாள் மற்றவர்களிடம். "இன்னைக்கு அவ சொல்லட்டும். நாம கேப்போம்."

மாரிசாமி நொச்சி என்று சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டார். பாண்டிசெல்வி கண்ணை மூடி, முடிச்சை மோந்து, எப்படி இருக்கிறது என்று அவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.